கண் அந்த பஸ்ஸில்தான் நின்றது, ஆனால் "இல்லை" என்றார்கள்

நூற்றொன்று (வெள்ளவத்தை)
ஞாயிறு, இரவு 9.40

இறுதியாண்டு ஆய்வுக்காகச் சிறியதொரு பரிசோதனை செய்தேன். அதன் முடிவு ஒரு வாரமாகத் தலையைக் குடைகிறது. கண், மூளை, கணினி எதைப் பற்றியாவது தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கொழும்பு, காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்துத் தரிப்பிடத்தில் பல நாள் நின்று பஸ்களைப் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் நான்கைந்து பஸ்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு பேரை மடிக்கணினி முன் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: "101 இருக்கிறதா?" இருந்தால் ஒரு விசை, இல்லாவிட்டால் இன்னொரு விசை. கமரா வழியாகக் கண் எங்கே போகிறது என்று கணிக்கும் இலவச மென்பொருள் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

எடுத்த நேரம் எதிர்பார்த்தபடியே வந்தது. பஸ் கூடக் கூட நேரமும் கூடியது. "இல்லை" என்று சொல்லத்தான் அதிக நேரம். சிக்கல் வேறு இடத்தில். சில படங்களில் கண்ணைக் குறிக்கும் புள்ளி 101இன் நெற்றிப் பலகைக்கு வருகிறது, அங்கே நிற்கிறது, பிறகு நகர்கிறது. உடனே அவர் "இல்லை" என்று அழுத்துகிறார். ஒருவர் அல்ல, பலர்.

மேற்பார்வையாளர் "கருவிப் பிழை, விட்டுவிடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். இடமிருந்து இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு 100, அடுத்து 155, அதன் தோளை உரசிக்கொண்டு 101, கடைசியில் இன்னொரு 100. கருவியா, கண்ணா, மனமா? எதில் பிழை?


சந்தேகி (நுகேகொடை)
ஞாயிறு, இரவு 10.15

மேற்பார்வையாளர் சொன்னதில் பாதியாவது சரி. கணக்கைப் பாருங்கள்.

கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பார்த்தால் அது கண்ணில் ஏறத்தாழ 2 பாகை அகலம். நமக்குக் கூர்மையாகத் தெரிவதும் அவ்வளவுதான். விழித்திரையின் நடுக்குழிக்குத்தான் அந்தத் திறன். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் செக்கனுக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவி நிற்கிறது. நிற்பதற்கு நிலைப்பு என்றும் பாய்வதற்குத் தாவல் என்றும் வைத்துக்கொள்வோம். தாவும்போது மூளை காட்சியை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

திரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி உட்கார்ந்தால் 1 பாகை என்பது ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். நல்ல ஆய்வுகூடக் கருவிகள் அரைப் பாகை அளவுக்குச் சரியாகச் சொல்லும். அவை கண்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கண்ணின் முன் வளைவில் தெறிக்கும் ஒளிப்பொட்டுக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கணிக்கின்றன. உங்கள் மடிக்கணினிக் கமராவுக்கு அந்த வசதி கிடையாது. 2016இல் பிரவுண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வெப்கேஸர் போன்ற மென்பொருள்கள் சுமார் 4 பாகை வரை தவறக்கூடியவை. 4 பாகை என்றால் 4 சென்ரிமீற்றர். உங்கள் படத்தில் 155இன் பலகைக்கும் 101இன் பலகைக்கும் இடையே இரண்டு விரல் அகலம்தான் இருக்கிறது. புள்ளி 101இல் நின்றது என்று எப்படிச் சத்தியம் செய்வீர்கள்?

போதாக்குறைக்கு நம் கண்கள். சாதாரண வெளிச்சத்தில் நமது கரும்பழுப்புக் கதிராளிக்கும் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) கண்மணிக்கும் கமராவால் வேறுபாடு காண முடியாது, இரண்டும் கறுப்பு. அகச்சிவப்பில் அதே கதிராளி வெளிறித் தெரியும், கண்மணி மட்டும் கறுப்பாக நிற்கும். ஆய்வுகூடக் கருவிகள் விலை கூடியதும் அதற்காகத்தான்.

பங்கேற்றவர்களில் எத்தனை பேர் கண்மை தீட்டியிருந்தார்கள்?


நூற்றொன்று
ஞாயிறு, இரவு 10.31

ஐந்து பேர். அதில் இரண்டு பேரின் புள்ளி அளவுதிருத்தத்தின்போதே திரையை விட்டுக் கூரைக்குப் போய்விட்டது. மையைத் துடைத்துவிட்டு வரச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அறை கடலைப் பார்த்தது. பின்னேர வெயில் நேராக முகத்தில் விழும். இப்போது யோசித்தால் அதுவும் ஒரு முட்டாள்தனம்.


பெயர் வேண்டாம் (மட்டக்குளி)
ஞாயிறு, இரவு 10.50

இவ்வளவு பாடுபட வேண்டுமா தம்பி? நடத்துநர் "கொட்டுவ, கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்துகிறார். காது தேடட்டும், கண் சும்மா இருக்கட்டும். நான் முப்பது வருடமாக இலக்கம் பார்த்து ஏறியதே இல்லை.


இருட்டறை (பொரளை)
திங்கள், காலை 6.05

இரவு வேலை முடிந்து எழுதுகிறேன். எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். வாசிப்பது வைத்தியரின் தொழில். இருந்தாலும் இருபது வருடம் பக்கத்தில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கருவி பற்றிச் சந்தேகி சொன்னதெல்லாம் சரி. ஆனால் கருவி நூறு வீதம் சரியாக இருந்தாலும் உங்கள் புதிர் அப்படியே இருக்கும். 1978இல் குண்டெல், நோடின், கார்மொடி என்ற மூவர் இதைத்தான் பார்த்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் கட்டியைத் தவறவிடும் வைத்தியர்களின் கண் எங்கே போனது என்று பதிவு செய்தார்கள். கண் அந்த இடத்துக்கே போகாமல் தவறியவை சுமார் 30 வீதம் மட்டுமே. மீதியில் கண் போயிருக்கிறது. சிலவற்றில் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுக் கடந்தது, இவை ஏறத்தாழ 25 வீதம். மற்றவற்றில் நன்றாகவே நின்று பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று முடிவெடுத்தது, 45 வீதம். தேடல் பிழை, அடையாளப் பிழை, முடிவுப் பிழை என்று மூன்றாகப் பிரித்தார்கள். உங்கள் பஸ் பிரச்சினை இரண்டாவதா மூன்றாவதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, இதைச் சொன்னால் எங்கள் பகுதியில் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு பேசாமல் இருந்துவிடுவார்கள். 2013இல் ட்ரூ, வோ, வுல்ஃப் ஆகியோர் நுரையீரல் சி.டி. படங்களுக்குள் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி, 24 கதிரியக்க வைத்தியர்களிடம் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா. 20 பேர் காணவில்லை. கண் தடத்தைப் பார்த்தால், அந்த 20 பேரில் 12 பேரின் கண் நேராகக் கொரில்லா இருந்த இடத்திலேயே பதிந்திருக்கிறது.

அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். சிறிய வெள்ளை உருண்டையைத் தேடினார்கள். கறுப்பாக, கையை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒன்றுக்கு மனத்தில் இடமில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி. காட்டிய படங்களில் எத்தனையில் 101 இருந்தது?


நூற்றொன்று
திங்கள், காலை 7.20

பத்துக்கு ஒன்று. உண்மையில் தரிப்பிடத்தில் நிற்பது போலவே இருக்கட்டும் என்று நினைத்தேன். 101க்காகக் காத்திருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.


இருட்டறை
திங்கள், காலை 7.34

நினைத்தேன். 2005இல் வுல்ஃப் குழு செய்த சோதனையைத் தேடிப் படியுங்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தவறவிட்டது 7 வீதம். நூற்றுக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 வீதம். அதே ஆட்கள், அதே வகைப் படங்கள். அடிக்கடி கிடைக்காத பொருளை மனம் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. "இல்லை, இல்லை, இல்லை" என்று அழுத்தி அழுத்திக் கை பழகிவிடும். விமான நிலையத்தில் பைகளின் எக்ஸ்ரேயைப் பார்ப்பவர்களுக்கு இடையிடையே பொய்த் துப்பாக்கிப் படங்களைக் காட்டுவதற்கும் இந்த அச்சம் ஒரு காரணம்.

தூங்கப் போகிறேன்.


பம்பலப்பிட்டி அக்கா
திங்கள், பிற்பகல் 2.45

கருவி பற்றி எனக்கொன்றும் தெரியாது. ஆனால் இன்று ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது இந்த இழைதான் ஞாபகம் வந்தது.

மணி அடித்தால் நூற்றுக்கணக்கான வெள்ளைச் சீருடைகள் ஒரே வாசலால் கொட்டும். எல்லாம் வெள்ளை, எல்லாம் இரட்டைப் பின்னல். வேறு அம்மாமார் பையின் நிறத்தைப் பார்ப்பார்கள். இந்த வருடம் அந்த ஊதாப் பை பாதிப் பிள்ளைகளிடம் இருக்கிறது, அதுவும் பயனில்லை. ஆனால் என் மகள் வந்தால் முகம் தெரியும் முன்பே தெரிந்துவிடுகிறது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து, தலையைக் குனிந்துகொண்டு யாருடனோ சண்டை பிடித்தபடி வருவாள். அந்த நடை. நான் தேடுவதே இல்லை, அது வந்து என் கண்ணில் விழுகிறது.

இன்று அவள் காலில் கட்டுப் போட்டு வேறு விதமாக நடந்து வந்தாள். முன்னால் வந்து நின்று "அம்மா" என்ற பிறகுதான் கண்டேன். கண் அவளைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அவளைத் தாண்டி வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


சந்தேகி
திங்கள், மாலை 6.10

அக்கா, உங்கள் வாசலிலேயே பாதிக் கோட்பாடு இருக்கிறது. 1980இல் ஆன் ட்ரீஸ்மனும் கெலடும் எழுதியது இதுதான்: பச்சைக்குள் ஒரு சிவப்பு போல ஒரே பண்பால் வேறுபடும் பொருள் எத்தனை பொருள்களுக்கு நடுவில் இருந்தாலும் தானாகத் துள்ளி நிற்கும். இரண்டு பண்புகளைச் சேர்த்துத் தேட வேண்டியிருந்தால் ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும், நேரம் ஏறும். நிறம், அளவு, சாய்வு, அசைவு ஆகியவை தேடலை வழிநடத்தும் என்று வுல்ஃப் பிறகு சேர்த்தார். உங்கள் மகளின் நடை அசைவுக் கணக்கில் வரும். ஆனால் நூற்றொன்று தம்பி காட்டியது அசையாத படம். பஸ் வந்து நிற்கும் விதம், எந்த பஸ் எந்தப் பக்கம் சரியும் என்பதெல்லாம் அதில் போய்விட்டது. தரிப்பிடத்தில் நிற்பவனின் தேடல் வேறு, திரை முன் இருப்பவனின் தேடல் வேறு.

100க்கும் 101க்கும் இருப்பது கடைசி இலக்கம் ஒன்றின் வேறுபாடு. அதுவும் பக்கத்தில் இலக்கங்கள் நெருங்கி நின்றால் ஓரப் பார்வைக்குக் குழம்பிவிடும். 1970இல் பூமா என்ற டச்சு ஆய்வாளர் அளந்து சொன்னார்: பார்வை நிற்கும் இடத்திலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறத்தாழப் பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்துகள் வந்தால் அதை அடையாளம் காண்பது கடினம். நம் பலகைகளில் மேலே சிங்களம் பெரிதாக, கீழே தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு. தள்ளி நின்று பார்த்தால் புழு நெளிவது போலத்தான் இருக்கும்.

இருட்டறை அண்ணையிடம் ஒரு மறுப்பு. கண் நின்ற நேரத்தை வைத்து "அடையாளப் பிழை", "முடிவுப் பிழை" என்று பிரிப்பது எனக்கு முழுச் சம்மதமில்லை. கண் ஓரிடத்தில் நிற்க, கவனம் வேறிடத்தில் இருக்கலாம். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்து ஆசனத்துக்காரரின் தொலைபேசியை வாசிக்காதவர் யார்? அரைச் செக்கன் நின்றதெல்லாம் சிந்தித்த அரைச் செக்கன் அல்ல.


இருட்டறை
திங்கள், இரவு 8.00

ஏற்கிறேன். ஆனால் வேறு கடிகாரம் நம்மிடம் இல்லையே. நிலைப்பு நேரம் குறைபாடுள்ள சாட்சி, பொய்ச்சாட்சி அல்ல.


ஒப்புநோக்கன் (கொட்டாஞ்சேனை)
செவ்வாய், காலை 10.20

வணக்கம். வயது எழுபத்தொன்று. பத்திரிகையில் ஒப்புநோக்குநராக முப்பத்தாறு வருடம். தட்டச்சில் மெதுவானவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கருவி வைத்துத் தேடும் விடயத்தை நாங்கள் சம்பளத்துக்குச் செய்தோம். ஈய எழுத்துக் காலத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியில் பென்சிலோடு போவார். வாசிக்கும் குரல் ஓடினால் பிழை தப்பும். ஏனென்றால் வாசிக்கத் தெரிந்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைப் பார்க்கிறது. "அமைச்சர்" என்று தொடங்கினால் மீதியை மனமே எழுதிக்கொள்ளும். அங்கே "அமைசசர்" என்று புள்ளி விழாமல் கிடந்தாலும் கண் தட்டாமல் போகும். ணகர னகரமும் ளகர லகரமும் கூட அகப்பட்டுவிடும், புள்ளிதான் எமன்.

அதற்கு எங்கள் மூத்தவர் சொல்லித்தந்த வித்தை, பத்தியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிப்பது. பொருள் அறுந்துவிடும். பொருள் அறுந்தால் எழுத்து தெரியும். ஒரு சுற்று பெயர்களுக்கு மட்டும், ஒரு சுற்று எண்களுக்கு மட்டும், ஒரு சுற்று புள்ளிக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்ப்பவன் எதையும் பார்ப்பதில்லை. ஒரு தலைப்பில் ஒரு பிழையைப் பிடித்துவிட்டால் அதே தலைப்பில் இன்னொன்று இருக்கும் என்பதும் அனுபவம். முதல் பிழையைக் கண்ட மகிழ்ச்சியில் இரண்டாவதைக் கோட்டைவிட்டு, மறுநாள் காலை ஆசிரியர் அறையில் நின்றிருக்கிறேன்.

தம்பி இணைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 101இன் பலகையில் பிழை இருக்கிறதே, அதைப் பற்றி யாருமே பேசவில்லை. வேண்டுமென்று விட்டீர்களா?


பம்பலப்பிட்டி அக்கா
செவ்வாய், காலை 10.41

என்ன பிழை ஐயா? நான்கு தடவை பார்த்துவிட்டேன்.


சந்தேகி
செவ்வாய், காலை 10.58

இலக்கம் சரி. சிங்களமும் சரி. வேறென்ன?


இருட்டறை
செவ்வாய், முற்பகல் 11.30

தமிழ் வரி. இப்போதுதான் கண்டேன். இனிக் காணாமல் இருக்க முடியவில்லை.


ஒப்புநோக்கன்
செவ்வாய், பிற்பகல் 12.05

"மொரடடுவ". முதல் டகரத்தில் புள்ளி இல்லை.


நூற்றொன்று
ஞாயிறு, இரவு 9.15

மன்னிக்கவும், ஒரு வாரம் எடுத்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

வேறொரு பீடத்தில் அகச்சிவப்புக் கருவி ஒன்று இருந்தது. கெஞ்சி இரண்டு நாள் வாங்கினேன். நாடியை வைக்க ஒரு தாங்கி, ஒன்பது புள்ளி அளவுதிருத்தம், ஜன்னலில் போர்வை. மை தீட்டியவர்களிடம் இந்தமுறை வாய் திறந்து கேட்டேன். சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு வந்தார்கள். நூறு வருடத்துக்கு முன் ஹியூயி என்ற அமெரிக்கர், கண்ணை மரத்துப்போகச் செய்து, நடுவில் துளையிட்ட சாந்துக் கிண்ணத்தைக் கண்மீது ஒட்டி, அதில் கோல் கட்டித்தான் வாசிப்பை அளந்தார் என்று படித்தேன். மை துடைப்பது ஒன்றுமில்லை.

பன்னிரண்டு பேரில் ஏழு பேர் திரும்ப வந்தார்கள். படங்களையும் மாற்றினேன், பஸ்களுக்கு இடையே இடைவெளி விட்டு. சந்தேகி அண்ணா வென்றார்: "நின்றது, ஆனால் இல்லை என்றார்கள்" என்று நான் எண்ணியவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. கண் உண்மையில் நின்றது பக்கத்து 155இல். ஆனால் எல்லாம் மறையவில்லை. மீதியில் கண் சந்தேகமில்லாமல் 101மேல் நிற்கிறது, கை "இல்லை" என்கிறது. பெரும்பாலும் நீண்ட "இல்லை" வரிசைக்குப் பிறகு வரும் படங்களில். அடுத்த தடவை பாதிப் படங்களில் 101ஐ வைத்து ஒப்பிடப் போகிறேன். மேற்பார்வையாளர் இப்போது "கருவிப் பிழை" என்று சொல்வதில்லை, "மாதிரி சிறியது" என்கிறார்.

இனி அந்தப் புள்ளி. ஐயா, வேண்டுமென்று விடவில்லை. படத்தை எடுத்தவன் நான், வெட்டியவன் நான், நூறு தடவை பார்த்தவன் நான். காணவில்லை. என் சொந்தக் கண் தடத்தையும் பதிந்து பார்த்தேன்: இலக்கம், இலக்கம், இலக்கம். தமிழ் வரிக்கு என் கண் ஒருமுறைகூட இறங்கவில்லை. யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் ரெபினின் ஓவியம் ஒன்றை ஒரே ஆளுக்கு ஏழு தடவை காட்டினாராம், முதல் தடவை கேள்வி இல்லாமல், பிறகு ஆறு வெவ்வேறு கேள்விகளோடு. வயதைக் கேட்டால் கண் முகங்களுக்குப் போகும், வசதியைக் கேட்டால் தளபாடங்களுக்கும் உடைகளுக்கும் போகும். நான் கேட்டது இலக்கம்.

ஏழு பேரின் பதிவுகளையும் அந்த ஒரு வரிக்காகத் திரும்ப ஓட்டினேன். ஒருவரின் கண் மட்டும் அதில் இறங்கியிருக்கிறது, இரண்டு தடவை, இரண்டாவது தடவை நீண்ட நேரம். அது என் அம்மம்மா. நல்லூரிலிருந்து கண் வைத்தியத்துக்காக வந்து எங்களோடு நிற்கிறார். இலக்கம் பார்த்து பஸ் ஏறும் பழக்கம் அவருக்கு இல்லை, ஊர்ப்பெயரைத்தான் வாசிப்பார். இரட்டைக் குவியக் கண்ணாடியால் அவருடைய தடம் பாதி உடைந்திருந்தது. அதனால் அவரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தேன்.

போய்க் கேட்டேன். "அம்மம்மா, அந்த பஸ் பலகையில் எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டீர்களா?"

"கண்டேனே."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீ அதைக் கேட்கவில்லையே ராசா. கொழும்பில் இப்படித்தான் எழுதுவார்களாக்கும் என்று நினைத்தேன்."